கொசுறு என்று நீ சொன்ன வேலை

இன்று காலை ஜவ்வரிசிக் கஞ்சி காய்ச்சினேன். பொங்கி அடங்கித் தெளிந்ததும் இறக்கிவைத்து, விரல் பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு ஒரு வில்லைக் கற்பூரத்தை நுணுக்கிப் போட்டேன். கலக்கத் தொடங்கியதுமே அந்த வாசம் எழுந்து வந்தது. கரண்டியைப் போட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றேன். அது உன் கையின் வாசம். மூன்று வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கையின் வாசம்.

அந்த வாசத்தை வைத்து உன்னைப் பெரிய பக்தை என்று நினைத்திருந்தேன். திருக்கோகர்ணத்தில் குடியிருக்கிறவள், விடியற்காலையிலேயே கோயிலுக்குப் போய்த் தீபாராதனையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வருகிறாள்போல என்று. "தெனமும் கோயிலுக்குப் போயிட்டு வந்துர்றீங்க, எனக்கு வெள்ளிக்கிழமைகூட முடியலக்கா" என்று ஒரு நாள் சொன்னேன். நீ சிரித்துக்கொண்டே நூலை உருட்டினாய். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்தச் சிரிப்புக்காகத்தான் இந்த மடல். எனக்கு உன்மேல் கோபம். அதைக் கொட்டித் தீர்க்காமல் எனக்கு இன்று வேலை ஓடாது.

முதலில் இந்த 'நீ'யைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நம் காம்பவுண்டுக்கு நீ குடிவந்த அன்று குழாயடியில் "அக்கா, கொடம் வச்சுக்கவா?" என்று கேட்டாய். "வச்சுக்கங்கக்கா" என்றேன் நான். அன்று தொடங்கியது. உன்னை மூத்தவளாக்கிவிட்டால் நான் இளையவள்; என்னை மூத்தவளாக்கிவிட்டால் நீ இளையவள். இரண்டு பேருமே விட்டுக்கொடுக்கவில்லை. கூப்பிட்டாலும் அக்கா, சண்டை போட்டாலும் அக்கா. வயதைக் கேட்டால் நீ பேச்சை மாற்றுவாய், நானும் என் பள்ளிக்கூடக் கதைகளை வருடம் சொல்லாமல்தான் சொல்வேன். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருந்திருக்கும்.

ஆடி மாதம் உன்னைக் கொண்டுபோன மறுநாள், பஸ் நிறுத்தத்தில் உன் படம் போட்ட கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். படத்துக்குக் கீழே வயது போட்டிருந்தது. என்னைவிட இரண்டு வயது சின்னவள் நீ. பஸ் வந்து போனதுகூடத் தெரியாமல் அந்தப் போஸ்டரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அழுகைக்கு நடுவில் ஒரு சிரிப்பும் வந்தது, நம்பமாட்டாய். ஜெயித்துவிட்டாய். ஆனால் மூத்தவள் என்று ஆனபிறகு எனக்கும் சில உரிமைகள் உண்டு. அதில் முதல் உரிமை, உன்னை நீ என்று கூப்பிட்டுத் திட்டுவது.

எப்படித் தொடங்கினோம் என்பதை நீயும் மறந்திருக்கமாட்டாய். நான் பொழுதுபோகாமல் கொக்கி ஊசியும் காட்டன் நூலுமாகக் கனகாம்பரம் பின்னிக்கொண்டிருப்பேன். செல்போனில் ஒரு பெண் ஸ்வெட்டர் பின்னுவதைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. நம் ஊரில் ஸ்வெட்டரை யார் போடுவார்கள்? அதனால் பூவுக்கு இறங்கினேன். ஒவ்வொரு பூவையும் தனித்தனியாகப் பின்னி, பச்சை நூல் சங்கிலியில் நெருக்கிக் கோத்தால் தலையில் வைக்கிற சரம். மூன்றாம் வீட்டுக்கு விருந்தாக வந்திருந்த அறந்தாங்கிப் பெண் அதைப் பார்த்துவிட்டாள். கல்யாணமாகி ஆறு மாதம், புருஷனோடு ஷார்ஜா போகவிருந்தாள்.

"அங்கிட்டும் பூ கெடைக்குதாம்க்கா. வெலையக் கேட்டா வைக்கத் தோணாதாம்" என்றாள். "இது வாடாதுல்ல? முழம் என்ன வெலை?"

முழம் என்று அவள் கேட்டதும் என் வாய் தன்பாட்டுக்கு ஐம்பது ரூபாய் என்றது. அன்று காலையில் கோயில் வாசலில் பூக்காரம்மா மல்லிகைக்குச் சொன்ன விலை அது. முழம் என்றால் பூ, பூ என்றால் பூக்கடை விலை. எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. பக்கத்தில் நின்றிருந்த நீயோ உடனே சரத்தை வாங்கி, பூக்காரி மாதிரியே முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை இழுத்து அளந்தாய். உன் கை எவ்வளவு நீளம் என்று நமக்குத் தெரியும், பரணில் இருப்பதை ஸ்டூல் இல்லாமல் எடுக்கிற கை. அளந்தது போதாதென்று, விரல் நுனியைத் தாண்டி நாலு பூ விட்டு வெட்டச் சொன்னாய். "கொசுறு" என்றாய். அவள் முகம் மலர்ந்துபோனது. மூன்று முழம் வாங்கிக்கொண்டு நூற்றைம்பது ரூபாயைக் கொடுத்தாள். எனக்கும் சந்தோஷம்தான்.

அவள் தலை மறைந்ததும் நீ என் பக்கம் திரும்பினாய். "அம்பது ரூவாயா? எந்தக் கணக்குலக்கா சொன்னீங்க?"

"பூ வெலை அதானேக்கா?"

"பூவைச் செடி பூக்குது. இதை யாரு பூத்தது?"

அன்று மதியமே உன் செல்போனைத் தூக்கிக்கொண்டு வந்து என் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாய். "பின்னுங்கக்கா, நான் பாக்குறேன்" என்றாய். வேகமாகப் பின்னப் பார்த்தேன், அதட்டினாய். எப்போதும்போலப் பின்னச் சொன்னாய். பின்னுவதும் கோப்பதுமாக ஒரு முழம் முடிய ஒன்றரை மணி நேரம் ஆனது. நடுவில் நான் எழுந்து பால் காய்ச்சியதை மட்டும் கழித்துக்கொண்டாய்.

"எங்க வல்லத்திராக்கோட்டையில களையெடுக்க எறங்குறவ காலையில எட்டு மணிக்கு எறங்குறா, ரெண்டு மணிக்குக் கரையேறுறா. முன்னூறு ரூவா எண்ணி வாங்கிட்டுத்தான் வீட்டுக்குப் போறா. அப்ப மணிக்கு அம்பது. ஒங்க கை என்ன அதுக்கும் கீழயா?"

என் வீட்டுக்காரர் அப்போதுதான் ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தார். தனியார் பஸ் ஓட்டுகிறவர், நல்ல மனிதர்தான், ஆனால் வாய் சும்மா இருக்காது. "டிவி பாத்துக்கிட்டே பின்னுறதுதானேம்மா, அதுக்கு என்ன கூலி?" என்றார்.

நீ அவர் பக்கம்கூடத் திரும்பவில்லை. "அண்ணே, நீங்களும் பாட்டுப் போட்டுக்கிட்டேதான் பஸ்ஸு ஓட்டுறீக. சம்பளத்துல பாட்டுக்குப் பிடிச்சுக்கிறாங்களா?"

அவர் சோற்றைப் பிசைந்தபடி வெகுநேரம் சிரித்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுத்ததேயில்லை.

நீ போட்ட கணக்கு இப்போதும் எனக்கு மனப்பாடம். ஒன்றரை மணி நேரத்துக் கைக்கூலி எழுபத்தைந்து. நூல், கொண்டையில் மாட்டுகிற கொக்கி, கவர் எல்லாம் சேர்த்து இருபத்தைந்து. நிறம் தப்பிப்போன நூல், பிரித்துப் பின்னுகிற பூ, நூல் வாங்கக் கீழராஜ வீதிக்குப் போய்வருகிற பஸ்காசு, இவற்றுக்கு முழத்துக்கு இருபது. ஆகமொத்தம் நூற்றிருபது. "யாரு கேட்டாலும் இதான். நூத்திப் பத்துக்குக் கேட்டா, எந்தப் பத்தை எடுக்கட்டும்னு அவங்களையே கேளுங்க" என்றாய். அதோடு முழத்தை உன் கையால் அளக்கிற வழக்கத்துக்கும் முற்றுப்புள்ளி வைத்தோம். டெய்லர் டேப்பில் பதினெட்டு அங்குலம், முழத்துக்கு நாற்பது பூ. கொசுறை மட்டும் நீ விடவில்லை. "பூ வாங்குறவளுக்குக் கொசுறு குடுக்கலன்னா அவ வாங்குன மாதிரியே நெனக்கமாட்டா" என்று, ஒவ்வொரு சரத்தோடும் முடியில் மாட்டுகிற, ஒற்றைப் பூ தைத்த சின்ன டிக்டாக் கிளிப் ஒன்றையும் வைத்தாய். அந்தக் கிளிப்பையும் இருபத்தைந்துக்குள் அடக்கிவிட்டேன் என்று வேறு சொன்னாய். நம்பினேன்.

உனக்குக் கொக்கி ஊசி பிடிக்க வரவே இல்லை. மூன்று நாள் சொல்லிக்கொடுத்தேன். மூன்றாம் நாள் நீ பின்னியதைப் பார்த்து என் மகள் "இது என்ன பூ, காலிஃபிளவரா?" என்று கேட்டுவிட்டாள். அதோடு ஊசியை என்னிடம் கொடுத்துவிட்டு, "நான் மத்ததைப் பாத்துக்கிறேன், நீங்க பின்னுங்க, போதும்" என்றாய். நான் பின்னிக் கூடையில் போடுவேன். சாயங்காலம் நீ கூடையை உன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போவாய். இரண்டு நாள் கழித்து வரும்போது சரங்கள் கவரில் இருக்கும். இதழ்கள் விறைப்பாக நிமிர்ந்து நிற்கும், ஒரு நூல் முனை வெளியே தெரியாது. "என்னக்கா செய்றீங்க?" என்று கேட்டிருக்கிறேன். ஒரு தடவை இல்லை, பல தடவை.

"என்ன பெரிய வேலை? அஞ்சு நிமிசம். அதெல்லாம் கொசுறுக்கா."

அறந்தாங்கி ஃபேன்சி ஸ்டோருக்கு முதன்முதலில் போன நாள் நினைவிருக்கிறதா? வளைகுடாவில் இருக்கிறவர்களுக்குச் சாமான் கட்டி அனுப்புகிற குடும்பங்கள் அங்கேதான் அதிகம், அங்கேதான் இது விலைபோகும் என்று நீதான் கண்டுபிடித்தாய். கடைக்காரர் சரத்தை உருட்டிப் பார்த்துவிட்டு, "பிளாஸ்டிக் பூ முழம் முப்பதுக்கு வருதும்மா" என்றார். நான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பத் தயாராகிவிட்டேன். நீ சரத்தை எடுத்து அவருடைய கல்லாவுக்கு மேல் இருந்த சாமி படத்தில் மாட்டினாய். "ஒரு வாரம் இங்கயே இருக்கட்டும்ண்ணே. யாராவது கேட்டா வெலையச் சொல்லுங்க. யாரும் கேக்கலன்னா சாமிக்குப் போட்டதா இருக்கட்டும்." நான்காம் நாள் போன் வந்தது. அவர் நூற்றிருபதுக்கு எடுத்து நூற்றெண்பதுக்கு விற்றார். மாதம் பத்து, பதினைந்து முழம் என்று ஓடத் தொடங்கியது. நீ பிடித்த விலையில் ஒரு ரூபாய் குறையவில்லை.

அப்புறம் ஆடி வந்தது. நெஞ்சு கரிக்கிறது என்றாய், சோடா குடித்தாய், மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். அதைப் பற்றி இதற்குமேல் எழுத என்னால் ஆகாது.

ஆவணி பிறந்து கடைக்காரர் போன் செய்தார். உனக்காக இரண்டு வார்த்தை வருத்தப்பட்டார், உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு, "ஐப்பசி முகூர்த்தத்துக்கு நூறு முழம் வேணும்மா. ஒரே வீட்டு ஆர்டரு, ரெண்டு கல்யாணம். அதே வெலைதானே?" என்று கேட்டார். நூறு முழம். நாம் கனவில்கூடக் கேட்காத எண்ணிக்கை. "அதே வெலைதாங்க" என்றேன். நீ போட்ட விலை, நீ இல்லாவிட்டாலும் நிற்கிறது என்பதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. அதை மாற்றுவது உன்னை வீட்டைவிட்டு அனுப்புவது மாதிரி என்றும் தோன்றியது.

முதல் ஐந்து முழம் பின்னிக் கூடையில் போட்டேன். சாயங்காலமானது. கூடையை எடுக்க யாரும் வரவில்லை. அப்போதுதான் கூடைக்குள் நன்றாகப் பார்த்தேன். ஒவ்வொரு பூவின் அடியிலும் இரண்டு நூல் முனைகள் தொங்கின. முழத்துக்கு நாற்பது பூ என்றால் எண்பது முனை. அத்தனையையும் தையல் ஊசியில் கோத்துப் பூவின் வயிற்றுக்குள் செருகி, இழுத்து, கத்தரிக்க வேண்டும். முடித்துப் பார்த்தால் பூக்கள் குழந்தையின் காதுபோலத் துவண்டு கிடக்கின்றன. ஜவ்வரிசிக் கஞ்சி என்று யூகித்துக் காய்ச்சி முக்கினேன். கெட்டியாகிவிட்டது, காய்ந்ததும் ஆரஞ்சு இதழ்மேல் வெள்ளைத் திட்டு. அலசி மறுபடி முக்கிக் கொடியில் போட்டேன். காலையில் பார்த்தால் கொடி முழுக்க எறும்பு. கல்யாணப் பெண் தலையில் எறும்போடு உட்கார்ந்தால் என் கதி என்ன?

நேராக உன் வீட்டுக்குப் போனேன். உன் வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்து ஷேவ் செய்துகொண்டிருந்தார். ஆள் பாதியாகிவிட்டார்.

"அண்ணே, அக்கா கஞ்சியில என்ன போடுவாங்க? எறும்பு மொய்க்குது."

"கற்பூரம்மா" என்றார். "நாலு மணிக்கே எந்திரிச்சிருவா. கஞ்சியக் காச்சி, கற்பூரத்தப் போட்டு, ஒவ்வொரு பூவா ஈர்க்குச்சியால நிமித்தி நிமித்தி வைப்பா. விடியிறதுக்குள்ள முடிக்கணும்பா. வெயில் பட்டா கலரு போயிருமாம். ஏன், ஒங்ககிட்டச் சொல்லலையா?"

கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டார். கோயில் வாசம் என்று நான் நினைத்த வாசம் அங்கே, உன் அடுப்படியில், கற்பூர டப்பாவாகத் திறந்து கிடந்தது. அதை அவர் எழுந்துபோய் எடுத்துவந்து என் கையில் கொடுத்தார்.

மறுநாள் நீ செய்த மாதிரியே செய்தேன். செல்போனை எதிரில் வைத்தேன். வேகம் காட்டவில்லை, எப்போதும்போல. முனை செருகி, கஞ்சியில் முக்கி, பிழிந்து, ஈர்க்குச்சியால் இதழ் நிமிர்த்தி, கொக்கி தைத்து, கவரில் போட்டு, அந்தக் கொசுறுக் கிளிப்பையும் ஒட்டி முடித்தபோது ஒரு முழத்துக்கு ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. இன்னும் வாட்ஸ்அப்பில் கேட்கிறவர்களுக்கு நீ பதில் சொன்னதையும், கடைக்காரரிடம் காசு கேட்டு நடந்ததையும் நான் சேர்க்கவேயில்லை.

அஞ்சு நிமிசம் என்றாயே!

என் கைக்குக் கூலி உண்டு என்று என் புருஷனிடம் சண்டை போட்டாயே, களையெடுக்கிறவளைக் கூட்டிவந்து சாட்சி நிறுத்தினாயே. எந்தப் பத்தை எடுக்கட்டும் என்று ஊரையே கேட்கச் சொன்னவள், உன்னுடைய ஐம்பதை நீயே எடுத்து ஒளித்துவைத்திருக்கிறாய். ஊசி பிடிக்கத் தெரியாதவள் செய்வது வேலையில் சேராது என்று உனக்கு யார் சொன்னது? வந்த லாபத்தைப் பாதியாகப் பிரிக்கலாம் என்றபோதெல்லாம், "நீங்கதானேக்கா பின்னுறீங்க" என்று நூறோ இருநூறோ மட்டும் எடுத்துக்கொண்டு போனாயே. நீ மட்டும் அன்று எதிரில் இருந்திருந்தால் நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்டிருப்பேன். கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து உன் வீட்டு வாசலில் உட்கார்ந்து அழுதேன்.

அழுது முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நூற்றிருபதுக்கு இந்த நூறு முழத்தையும் நான் தனியாக முடித்தால், நீ செய்த அதே தவறைத்தான் நானும் செய்கிறேன். விடியலுக்கு முன்னால் ஒருத்தி எழுந்து சும்மா செய்ய வேண்டும், அந்த ஒருத்தி இனி நான். அப்படியே ஒரு நாள் எனக்கும் நெஞ்சு கரிக்கும். இல்லை, விலையை மாற்றினால் ஆர்டர் போகலாம். ஆர்டர் போனால் கடை போகும், கடை போனால் இந்தத் தொழிலே திரும்பவும் பொழுதுபோக்காகிவிடும். "வம்பு எதுக்கு, ஒத்துக்கிட்டதை முடிச்சுக் குடுத்துட்டு நிறுத்திரு" என்றார் என் வீட்டுக்காரர். நிறுத்துகிற எண்ணம் எனக்கு இல்லை. நிறுத்தினால் நீ எழுந்திருந்த அத்தனை நாலு மணியும் வீண்.

இருபது முழம் முடித்தேன். பையில் போட்டுக்கொண்டு அறந்தாங்கி பஸ் ஏறினேன். ஜன்னல் சீட்டில் பையை வைத்தேன், நீ உட்காருகிற பக்கம். வழியெல்லாம் பேசிப் பார்த்துக்கொண்டே போனேன். கடை வாசலில் இறங்கியதும் அத்தனையும் மறந்துவிட்டது.

"இந்த இருபதும் போன்ல பேசுன வெலைக்குங்க" என்றேன். "ஒத்துக்கிட்டது நான், அதுல மாத்தமில்ல. ஆனா மிச்சம் எம்பதுக்கு முழம் நூத்தி எழுபது."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "என்னம்மா இது? அம்பது ரூவா ஏத்துறீங்க? நூலு வெலை ஏறிருச்சா?"

"நூலு அதே வெலைதான்."

"பெறகு?"

"வேலைங்க. ஒரு மணி நேரத்து வேலையச் சேக்காம விட்டிருக்கோம்."

"அந்த அம்மா இருந்தா இப்பிடிப் பேசியிருக்காதும்மா" என்றார். குரலில் கடுமை இல்லை, ஆனால் சுருக்கென்றது. "அவங்க சொன்ன வெலைம்மா நூத்திருபது. மூணு வருசமா ஒரு ரூவா கூட்டிக் கேட்டதில்ல."

உன்னைக் கொண்டே என்னை அடித்தார். கல்லாவுக்கு மேலே சாமி படத்தில் நீ மாட்டிய சரம் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று வருடத் தூசி படிந்திருந்தது. இதழ் ஒன்றுகூடத் துவளவில்லை. அதைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு வந்தது.

"அவங்க அவங்க கூலியச் சேக்காமச் சொன்ன வெலைங்க அது. அந்தா தொங்குதே, அதை நிமித்தி வச்சது அவங்கதான். நான் பின்ன மட்டுந்தான் செஞ்சேன்."

அவர் நிமிர்ந்து படத்தைப் பார்த்தார். பிறகு, "சரி, அப்ப அந்தக் கஞ்சி வேலையெல்லாம் வேணாம். பின்னி மட்டும் கொண்டாங்க. நூத்திருபதுக்கே முடிச்சுக்குவோம்" என்றார். எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். பையிலிருந்து கஞ்சி போடாத ஒரு சரத்தை எடுத்து, போட்டதன் பக்கத்தில் வைத்தேன். கடையில் வளையல் பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா எட்டிப் பார்த்து, "அது என்ன, பழசா?" என்று கேட்டார். கடைக்காரர் துவண்ட சரத்தை எடுத்து என்னிடமே நீட்டினார்.

"யோசிச்சுச் சொல்றேம்மா."

இருபதுக்கான காசை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். தப்புச் செய்துவிட்டோமோ என்று அரைவழியில் தோன்றியது, ஊர் வந்து சேரும்போது இல்லை என்று முடிவாகியிருந்தது. போன் வருகிறதோ இல்லையோ, அந்த விலைக்குக் கீழே என் கையிலிருந்து ஒரு முழம் போகாது. உன்னிடமிருந்து கற்ற பிடிவாதத்தை உனக்காகவே பிடித்துக்கொண்டேன்.

வார முடிவில் போன் வந்தது. "நாப்பது குடுங்கம்மா. பொண்ணு வீட்டு நெருங்குன சனத்துக்கு மட்டும் இது. மத்தவங்களுக்குப் பிளாஸ்டிக் வச்சுக்கிறாங்களாம். நூத்தி எழுபதுக்குத்தான்." எண்பது, நாற்பதானது. நாற்பது போனதற்கு வருத்தம் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் நாற்பதுக்கும் முழுக் கூலி.

நாற்பதையும் தனியாக முடிக்க நாள் போதாது. உன் வீட்டுக்கு அடுத்த வீட்டில் புதிதாக ஒரு பெண் குடிவந்திருக்கிறாள், கைக்குழந்தைக்காரி. நான் நூல் முனை செருகுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நேற்று வந்து, "குடுங்கக்கா, நான் செருகித் தாரேன். புள்ள தூங்குற நேரத்துல சும்மாதானே இருக்கேன். காசெல்லாம் எதுக்கு? இது என்ன பெரிய வேலை?" என்று சிரித்தாள்.

அதே சிரிப்பு.

உள்ளே போய்ச் செல்போனை எடுத்துக்கொண்டு வந்து அவள் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். "செருகும்மா, நான் பாக்குறேன்" என்றேன். "வேகமா வேணாம். எப்பவும்போலச் செய்." அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். புத்தி கொஞ்சம் பிசகியவள் என்று நினைத்திருப்பாள். நினைத்துக்கொள்ளட்டும். முடித்ததும் அவள் கூலியை அவள் கையில் வைத்தேன். வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு தடவை தள்ளினாள், மூன்றாம் தடவை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

கஞ்சி இப்போது ஆறிவிட்டது. அவள் முடித்துத் தந்த முதல் சரங்களை முக்கப்போகிறேன். கொசுறுக் கிளிப் உண்டு, பயப்படாதே. அதை நிறுத்த எனக்கும் மனசு வரவில்லை. ஆனால் ஒற்றைப் பூ தைத்த அந்தக் கிளிப் மட்டும்தான் இனி இந்த வீட்டில் கொசுறு. யாருடைய விடியற்காலையும் அதில் சேராது.

இத்தனை நாள் நான்தான் மூத்தவள் என்று ஒத்துக்கொள்ளாமல் உன்னையே அக்கா என்று கூப்பிட்டுவந்தேன். இப்போது நானே ஒத்துக்கொள்கிறேன். மூத்தவள் சொல்கிறேன், ஒரு தடவையாவது மறுபேச்சுப் பேசாமல் கேள், தங்கச்சி. நூற்றெழுபதில் உன்னுடைய ஐம்பது இருக்கிறது. இனி யார் கேட்டாலும் அந்தப் பத்தையும் எடுக்கமாட்டேன், இந்த ஐம்பதையும் எடுக்கமாட்டேன்.